ஒன்பது வயசுப் பையனுக்கு 'தி டார்க் நைட்' காட்டலாமா? அட்டையில 12னு போட்டிருக்கு

வைகைக்கரை | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா சமையல் பகுதியோட நின்னுக்கிற ஆள். சினிமா பகுதியில எழுதுறது இதான் முதல் தடவை.

பையனுக்கு அடுத்த மாசம் ஒன்பது முடியுது. லெகோ பேட்மேன்ல ஆரம்பிச்ச பைத்தியம், இப்ப தலகாணி உறை வரைக்கும் வவ்வால்தான். போன வாரம் 'பேட்மேன் பிகின்ஸ்' பார்த்தான். மூஞ்சில சாக்கு மாட்டிக்கிட்டு ஒரு டாக்டர் வருவாரே, அந்த இடத்துல மட்டும் என் துப்பட்டாவுக்குள்ள புகுந்துக்கிட்டான். மத்தபடி குஷிதான். இப்ப அடுத்த பாகமான 'தி டார்க் நைட்' வேணுமாம். கிளாஸ்ல ரெண்டு பேர் பார்த்துட்டு வந்து "பென்சில் மேஜிக் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டு மானத்தை வாங்குறாங்களாம்.

நாங்க இருக்கிறது பிரிட்டன்ல. பக்கத்துல பழைய சாமான் விக்கிற சாரிட்டி கடையில ஒரு பவுண்டுக்கு டிவிடி கிடைச்சுது. அட்டையில 12. தியேட்டர்ல வந்தப்ப 12ஏன்னு போட்டிருந்தாங்களாம். வீட்டுக்காரர், "நாம கூட உட்கார்ந்தா முடிஞ்சுது, நம்ம ஊர்ல நாம பார்க்காததா"ங்கறார். எனக்குப் படம் சரியா ஞாபகம் இல்லை. கல்யாணமான புதுசுல ஒரு தடவை பார்த்தது, பாதியில தூங்கிட்டேன். ஆனா அந்த வில்லன் ஜோக்கரோட சிரிப்பு மட்டும் இன்னும் காதுல இருக்கு. அதான் யோசனை.

ரெண்டு கேள்வி. இந்த 12ஏ, 12 ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், வீட்ல காட்டினா சட்டப்படி தப்பா? அடுத்து, சட்டத்தை விடுங்க, காட்டலாமா?

பழைய_பேட்மேன் | திங்கள், இரவு 9.58

தாராளமா காட்டுங்க சகோ. படம் முழுக்கத் தேடினாலும் ஒரு கரண்டி ரத்தம் தேறாது. டைரக்டர் நோலன் குத்துற இடத்துல கேமராவைத் திருப்பிடுவார். நம்ம ஊர் படத்துல ஒரு இடைவேளைச் சண்டையில ஓடுற ரத்தம் அந்தப் படம் மொத்தத்துலயும் கிடையாது. பென்சில் மேஜிக்னா, மேஜையில நட்டு வச்ச பென்சில் மேல ஜோக்கர் ஒருத்தன் தலையை மோதுவான். அதுவே ஒரு நொடி, பென்சில் போன இடம் தெரியாது.

நானெல்லாம் எட்டு வயசுல டூரிங் கொட்டகை மணல்ல உட்கார்ந்து பேய்ப் படம் பார்த்தவன். நல்லாத்தான் இருக்கேன். படம் 152 நிமிஷம், அவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்கான்னு மட்டும் பாருங்க.

ஈஸ்ட்ஹாம்_தம்பி | திங்கள், இரவு 10.20

அக்கா, முதல் கேள்விக்கு நான் சொல்றேன். காலேஜ் படிக்கும்போது ரெண்டு வருஷம் தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சவன்.

12ஏ தியேட்டருக்கு மட்டும்தான். பன்னிரண்டு வயசுக்குக் கீழே இருந்தா கூட ஒரு பெரியவங்க வரணும், அவ்வளவுதான். கீழே எல்லை கிடையாது. கைக்குழந்தையோட வந்தாலும் நாங்க நிறுத்த முடியாது. டிவிடி, புளூ-ரேல இந்த 'ஏ' கிடையாது, வெறும் 12தான். 1984 வீடியோ சட்டப்படி அதை 12 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. நீங்க வாங்கிட்டு வந்து வீட்ல காட்டினா அது உங்க பாடு, போலீஸ் வராது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இங்க 12ங்கற சான்றிதழே 1989ல பேட்மேனுக்காகத்தான் முதல்ல குத்தினாங்க, டிம் பர்ட்டன் படம். அதே படம் கேசட்டா வந்தப்ப 15. ஏன்னா வீடியோவுக்கு 12ங்கற பிரிவு 1994 வரைக்கும் வரவே இல்லை. அப்புறம் 2002ல 'ஸ்பைடர்-மேன்'. அதுக்கு 12 கொடுத்துட்டாங்க, ஆனா கடை முழுக்க ஸ்பைடர்-மேன் பொம்மை, லஞ்ச் பாக்ஸ், பைஜாமா. ஆறு வயசுப் பையன் அந்தப் பைஜாமாவோட வந்து நிப்பான், உள்ள விடக்கூடாது. இங்க தியேட்டர் விஷயத்துல கடைசி அதிகாரம் உள்ளூர் கவுன்சிலுக்குத்தான். தணிக்கை வாரியமான பிபிஎஃப்சி சொல்றது அவங்களுக்கு ஒரு பரிந்துரை மாதிரி. நார்த் நார்ஃபோக், டேம்சைடு மாதிரி சில கவுன்சில்கள் "நாங்க விடுவோம்"னு முடிவு பண்ணிட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 30ல இருந்து 12ஏ நாடு முழுக்க வந்துடுச்சு. 'ஸ்பைடர்-மேன்' மறுபடி 12ஏவா ரிலீஸ் ஆச்சு.

ரெண்டாவது கேள்விக்கு நாளைக்கு எழுதறேன். அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும்.

நெடுந்தீவான் | திங்கள், இரவு 11.05

தங்கச்சி, நான் ஜெர்மனியில இருந்து எழுதுறன். இஞ்சை இந்தப் படத்துக்கு 16 எண்டு போட்டவை. எஃப்எஸ்கே எண்டுறது இஞ்சை படங்களுக்கு வயசு போடுற அமைப்பு. 12 எண்டால் ஆறு வயசுக்கு மேல உள்ள பிள்ளையளைத் தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு போகலாம், 16க்கு அந்தச் சலுகை இல்லை. தாயென்ன, அம்மம்மாவென்ன, ஆர் வந்தாலும் ஏலாது.

அப்ப என்ர மூத்தவனுக்குப் பதின்மூண்டு. டிக்கெட் குடுக்கிற பெட்டை அவன்ர அடையாள அட்டையைப் பாத்துப்போட்டு "இல்லை" எண்டிட்டாள். நான் "தகப்பன் நான் பக்கத்திலதான் நிக்கிறன்" எண்டு சொல்லிப் பாத்தன். "அதாலதான் உங்களுக்கு மட்டும் ஒரு டிக்கெட் தரலாம் எண்டுறன்" எண்டாள். பெடியன் அண்டைக்கு முழுக்க என்னோட கதைக்கேல்லை, ஏதோ நான்தான் சட்டம் எழுதின மாதிரி.

அதே கிழமை லண்டனில இருந்து தம்பி போன் எடுத்தவன். அவன்ர எட்டு வயசுப் பிள்ளை பாத்திட்டு வந்திட்டானாம்! ஒரே படம், ஒரே கத்தி. கடலைத் தாண்டினா நாலு வயசு கூடுது. உங்களுக்குப் பக்கத்தில அயர்லாந்தில 15ஏ. பிரிட்டனோட சேர்ந்த பெல்ஃபாஸ்டில பன்னிரண்டு வயசுக்காரன் தனியப் பாக்கலாம். ரயிலேறி அயர்லாந்தில டப்ளினுக்குப் போனா, பதினாலு வயசுக்காரனுக்கும் பெரியாள் ஒராள் கூட வரவேணும்.

பழைய_பேட்மேன் | திங்கள், இரவு 11.12

அண்ணே, ஜெர்மன்காரங்க கத்திய எடுத்தாலே 16தான். அதை அளவுகோலா எடுத்துக்காதீங்க.

நெடுந்தீவான் | திங்கள், இரவு 11.20

தம்பி, அவையள் உடம்பு தெரியிறதுக்குப் பெரிசாக் கவலைப்படுறேல்லை, அடிதடிக்குத்தான் கவலைப்படுறவை. உங்கட ஊரில அது மற்றப்பக்கம். ஆர் சரி எண்டு நான் சொல்லேல்லை.

டல்லஸ்_மாமி | செவ்வாய், காலை 6.15

நம்மவா எல்லாரும் முழிச்சிண்டிருக்கேளா? எங்களுக்கு ராத்திரி, உங்களுக்கு விடியல். அமெரிக்கக் கதையையும் சேர்த்துக்கோங்கோ.

இங்க பிஜி-13. அதுவே 1984ல வந்தது. அந்த வருஷம் 'இண்டியானா ஜோன்ஸ்' ரெண்டாம் பாகத்துல ஒருத்தன் நெஞ்சுலேர்ந்து இதயத்தைப் பிடுங்கி எடுப்பான், 'கிரெம்லின்ஸ்'ல ஒரு பூதக்குட்டியை மைக்ரோவேவ்ல வெச்சு வெடிக்க வைப்பா. ரெண்டும் வெறும் பிஜி, அதாவது பெத்தவா கொஞ்சம் கவனிச்சுக்கோங்கோன்னு ஒரு குறிப்பு. குழந்தைகளைக் கூட்டிண்டு போன அம்மாக்கள் கொதிச்சுட்டா. டைரக்டர் ஸ்பீல்பெர்க்கே பிஜிக்கும், பெரியவா கூட வரணும்கற 'ஆர்' முத்திரைக்கும் நடுவுல ஒண்ணு வேணும்னு சொல்லப்போக, அமெரிக்க சினிமாத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஜாக் வாலண்டி அதைக் கொண்டுவந்தார். முதல்ல அந்த முத்திரையோட வெளிவந்தது 'ரெட் டான்', அதே வருஷம் ஆகஸ்ட்ல.

முக்கியமா ஒண்ணு. இங்க இதெல்லாம் சட்டமே இல்லை. சினிமாக்காரா தாங்களா வெச்சுண்ட ஒழுங்கு, தியேட்டர்காரா மதிக்கறா. பிஜி-13க்கு ஒரு குழந்தை தனியாவே போகலாம். ஆர்ங்கறதுக்குப் பெரியவா கூட வந்தாப் போதும். 2019ல வந்த 'ஜோக்கர்' ஆர். எட்டு வயசுக் குழந்தையைக் கைப்பிடிச்சுக் கூட்டிண்டு போனா இங்க யாரும் கேட்க மாட்டா. உங்க பிரிட்டன்ல அது 15, பதினாலு வயசுக்காரனைக் கூட அம்மாவோட விட மாட்டா. இந்தியாவுல ஏ.

'டார்க் நைட்'டுக்கு பிஜி-13 குடுத்தவா எழுதின காரணம் ஒரே வரி: தீவிரமான வன்முறைக் காட்சிகள், கொஞ்சம் மிரட்டல். அந்த 'கொஞ்சம் மிரட்டல்'தான் ரெண்டரை மணி நேரம் ஓடறது! கெட்ட வார்த்தைன்னா எத்தனை தடவைன்னு விரல் விட்டு எண்ணறா. பயத்தை எண்ண அவாகிட்ட விரல் இல்லை.

ரீல்பெட்டி | செவ்வாய், காலை 8.30

சென்னையில இருந்து. இருபத்திரெண்டு வருஷம் தியேட்டர் வாசல்ல நின்னவன், எந்தத் தியேட்டர்னு கேட்காதீங்க. நம்ம ஊர் நிலவரம் யாரும் சொல்லலையே.

1952 சட்டத்துல யு, ஏ. 1983ல யு/ஏ வந்துச்சு. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் எல்லாத்தையும் அந்த ஒரே சாக்குல போட்டுக் கட்டினாங்க. காமெடிப் படமும் யு/ஏ, தலையை வெட்டுற படமும் யு/ஏ. ஒரு அப்பா அம்மா அதை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? 2023ல சட்டத்தைத் திருத்தி, 2024 நவம்பர்ல இருந்துதான் யுஏ 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, பலருக்குத் தெரியாது. 13+னு போட்டா 13க்குக் கீழே உள்ளே வரக்கூடாதுன்னு அர்த்தம் இல்லை. பெத்தவங்க யோசிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். வாசல்ல நிறுத்துற அதிகாரம் ஏக்கு மட்டும்தான். நிறுத்திப் பாருங்க தெரியும். 2025 ஆகஸ்ட்ல 'கூலி'க்கு ஏ கொடுத்தப்ப, குடும்பத்தோட வந்தவங்ககிட்ட நான் வாங்காத திட்டு இல்லை. "தலைவர் படத்துக்கு எதுக்குய்யா வயசு?"ன்னு ஒரு பாட்டி. தயாரிப்பாளரே உயர் நீதிமன்றம் போயும் ஏ ஏவாத்தான் இருந்துச்சு.

நம்மாளுங்க கத்தரிக்கோல் எங்க போகுதுன்னு பாருங்க. அதே 2025ல புது 'சூப்பர்மேன்' வந்துச்சு. கட்டடம் சரியுது, ஊர் அழியுது, அதெல்லாம் அப்படியே இருக்கு. சூப்பர்மேனும் லோயிஸும் கொடுத்துக்கிற முத்தத்துல 33 விநாடி போச்சு. அப்புறமும் யுஏ 13+தான். முத்தத்தையும் எடுத்தாச்சு, அப்ப அந்த 13 எதுக்கு? கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு கதை. தமிழ்நாட்டுல 2011ல இருந்து யு இருந்தாத்தான் கேளிக்கை வரி விலக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி தமிழ்ப் பேர் வச்சாப் போதும். உடனே எல்லாப் படத்துக்கும் யு வேணும்னு ஓட்டம். அரிவாளோட போய் நின்னு யு கேட்டாங்க. 2017ல ஜிஎஸ்டி வந்து அந்தக் கணக்கு முடிஞ்சுது. அந்த ஆறு வருஷத்துல யுன்னா குழந்தைங்க பார்க்கிற படம்னு நம்பின குடும்பம் எத்தனை, எனக்குத் தெரியும், அழுதுகிட்டே வெளிய வந்த பசங்களை நான்தான் தண்ணி கொடுத்து உட்கார வச்சேன்.

நெறியாளர் | செவ்வாய், காலை 9.00

நண்பர்களே, 'கூலி' பற்றிப் பேச தனி இழை ஏற்கனவே 40 பக்கம் ஓடுகிறது. இங்கே பேட்மேனோடு நில்லுங்கள். இனி வரும் பதிவுகளில் படத்தின் முடிவு வரலாம், பார்க்காதவர்கள் கவனம்.

ஈஸ்ட்ஹாம்_தம்பி | செவ்வாய், மாலை 6.45

அக்கா, ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். 2008 கோடை லீவு. எனக்குப் பத்து வயசு. அப்பாதான் கூட்டிட்டுப் போனார். சட்டப்படி எல்லாம் சரி, பக்கத்துல ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர், பேங்க் கொள்ளை முடியறதுக்குள்ள குறட்டை.

பென்சில் மேஜிக்குக்கு நான் பயப்படலை. தியேட்டரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். பாதி மூஞ்சி எரிஞ்சு ரெண்டு முகமான அரசு வக்கீல் ஹார்வி டென்ட்டுக்கும் பயப்படலை, காமிக்ஸ்ல பார்த்த மூஞ்சி. ஆனா ஜோக்கர் ஒரு வீடியோ அனுப்புவான் ஞாபகம் இருக்கா? பேட்மேன் வேஷம் போட்ட சாதாரண மனுஷன் ஒருத்தரைக் கட்டி வச்சு, கையில கேமராவை ஆட்டிக்கிட்டே மிரட்டுவான். அது படம் மாதிரி இல்லை, நியூஸ் மாதிரி இருந்துச்சு. அந்த வருஷங்கள்ல டிவியில அந்த மாதிரி வீடியோ எல்லாம் வந்த காலம், வீட்ல சேனலை மாத்திடுவாங்க. இங்க மாத்த ஆள் இல்லை, தூங்கிட்டிருந்தார்.

அதுக்கு முன்னாடி அந்த ஆளோட உடம்பு கயித்துல தொங்கி மேயர் ஜன்னல்ல வந்து டொம்முனு மோதும். எங்க வீடு முதல் மாடி. கிறிஸ்துமஸ் வரைக்கும் படுக்கறதுக்கு முன்னாடி திரைச்சீலையை நான்தான் இழுத்து மூடுவேன், இடுக்கு இல்லாம. அம்மா, பையன் பொறுப்பாயிட்டான்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நானும் காரணத்தைச் சொல்லலை.

அந்த வருஷம் பிபிஎஃப்சிக்கு இந்த ஒரு படத்துக்கு மட்டும் 364 புகார். கன்சர்வேடிவ் கட்சியோட முன்னாள் தலைவர் இயன் டங்கன் ஸ்மித், இதுக்கு எப்படி 12ஏ கொடுத்தீங்கன்னு 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். வாரியம் சொன்ன பதில்: இது காமிக்ஸ் உலகத்துக் கற்பனை, ரத்தம் இல்லை, காயத்தைக் காட்டலை.

பழைய_பேட்மேன் | செவ்வாய், மாலை 7.10

நாடே பார்த்த படம், 364 பேர் எழுதினாங்க. இதுல என்ன இருக்கு? ஹோட்டல்ல சாம்பார் சரியில்லைன்னு அதைவிட அதிகம் பேர் எழுதுவாங்க.

வாரியம் சொன்னதும் நியாயம்தானே. விதின்னு ஒண்ணு வச்சா கண்ணுக்குத் தெரியறதைத்தான் அளக்க முடியும். ரத்தம் இருக்கா, காயத்தை நின்னு காட்டுறாங்களா, வார்த்தை என்ன. "எனக்குப் பயமா இருந்துச்சு"ங்கறதை எப்படி அளக்கிறது? ஒருத்தனுக்குப் பல்லியப் பார்த்தா பயம்.

பல்லாவரம்_டீச்சர் | செவ்வாய், இரவு 8.00

நான் மூணாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இதைத்தான் சொல்லணும்னு நினைச்சேன்.

ரத்தம் இல்லைன்னா பரவாயில்லைன்னு எல்லாரும் ஏன் ஒத்துக்கிறோம்? அடி விழுந்தா வலிக்கும், கத்தி பட்டா ரத்தம் வரும். அதைக் காட்டாம, தலையை மேஜையில மோதினா ஆள் 'காணாமப் போயிட்டான்'னு ஒரு வித்தை மாதிரி காட்டினா, அதுக்கு வயசைக் குறைச்சுக் கொடுக்கிறோம். வலியோட காட்டினா வயசு கூடுது. சின்னப் பிள்ளைக்கு எது ஆபத்து? எங்க வகுப்புல ஒரு பையன் பென்சிலை மேஜையில நிறுத்தி வச்சு, பக்கத்துப் பையன் பின்னந்தலையில கை வச்சான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எங்கேர்ந்து கத்துக்கிட்டான்னு அன்னைக்கு எனக்குப் புரியலை, இந்த இழையைப் படிச்சப்புறம்தான் பொறி தட்டுது. யூடியூப்ல அந்தத் துண்டு மட்டும் தனியா சுத்துதாமே. அதுக்கு எந்த வாரியம் முத்திரை குத்துச்சு?

பழைய_பேட்மேன் | செவ்வாய், இரவு 8.15

டீச்சர், அதுக்காக ரத்தத்தைக் காட்டச் சொல்றீங்களா?

பல்லாவரம்_டீச்சர் | செவ்வாய், இரவு 8.21

ரத்தம் இல்லைங்கறதைச் சலுகையாக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். காட்டச் சொல்லலை. ரெண்டும் வேற வேற.

நெடுந்தீவான் | செவ்வாய், இரவு 11.40

எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சிட்டுத்தான் எழுதுறன்.

2011ல அக்காட குடும்பம் எங்களோட கொஞ்சநாள் இருந்தவை. வன்னியில இருந்து வந்தவை. அக்காட மகளுக்குப் பன்னிரண்டு வயசு. எங்கட மூத்தவன் அப்ப பதினாறு, சட்டப்படி பாக்கலாம் எண்டு சொல்லிப் பெருமையா டிவிடி போட்டவன். அவளும் வந்து சோபா ஓரத்தில இருந்தவள். கொலை, கத்தி, ஒண்டுக்கும் அவள் அசையேல்லை. பிறகு ஜோக்கர் நேர்ஸ் உடுப்போட ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வருவான், பின்னால கட்டடம் வெடிக்கும், அவன் கையில இருக்கிற ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பாப்பான். எங்கட பெடியள் விழுந்து சிரிச்சவை. எல்லா ஊரிலயும் சனம் சிரிக்கிற காட்சிதான் அது.

அவள் ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிக் குசினிக்குப் போனவள். மனிசி பிட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டு நிண்டவ. இவள் வாங்கித் திருவினவள். ரெண்டு தேங்காய். படம் முடியும் வரைக்கும் திருவினவள்.

16 எண்டு போட்ட நாட்டிலதான் இது நடந்தது. அந்த 16 எந்தக் காட்சிக்காகப் போட்டவை எண்டு எனக்குத் தெரியேல்லை, ஆனா இந்தக் காட்சிக்காக இல்லை.

டல்லஸ்_மாமி | புதன், காலை 5.50

நெடுந்தீவான் அண்ணா, படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியலை.

ஈஸ்ட்ஹாம்_தம்பி | புதன், காலை 8.05

அண்ணா எழுதினதுக்கு மேல இதைச் சொல்றது சின்ன விஷயம்தான், ஆனா பழைய_பேட்மேன் கேட்ட "பயத்தை எப்படி அளக்கிறது"க்கு ஒரு பதில் இருக்கு. முழுசா அளக்க முடியாது, ஆனா வாரியமே அளக்க முயற்சி பண்ணுது. 2014ல பிபிஎஃப்சி விதிகளைத் திருத்தினப்ப, 12ஏ, 15 பிரிவுகள்ல படத்தோட கருவுக்கும் தொனிக்கும் கூடுதல் மதிப்பு கொடுப்போம்னு சேர்த்தாங்க. கண்ணுல படறது மட்டும் கணக்கில்லை, மொத்தப் படமும் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுங்கறதும் கணக்குன்னு. 2022ல 'தி பேட்மேன்' வந்தப்ப அமெரிக்காவுல அதே பிஜி-13, இங்க நேரா 15. 2008ல அந்தக் கண்ணோட பார்த்திருந்தா என்ன கொடுத்திருப்பாங்களோ.

அக்கா, பிபிஎஃப்சி இணையதளத்துல ஒவ்வொரு படத்துக்கும் என்ன வருதுன்னு விரிவாப் போட்டிருப்பாங்க. முத்திரையை விட்டுட்டு அதைப் படிங்க.

பழைய_பேட்மேன் | புதன், காலை 9.30

சரி, ஒண்ணு ஒத்துக்கிறேன். ஆஸ்பத்திரி காட்சியை நான் இருபது தடவை பார்த்திருப்பேன். இனிமே அந்த இடத்துல தேங்காய்தான் ஞாபகம் வரும்.

ஆனா படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ரெண்டு படகுல இருக்கிற ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் வெடிக்க வைக்காம விடுவாங்களே, கைதி ஒருத்தர் ரிமோட்டை வாங்கி ஜன்னல் வழியா எறிவாரே, அதையும் ஒரு பையன் பார்க்கணும் இல்லையா? பயம் காட்டுறதுக்காகவே எடுத்த படம் இல்லை அது.

ரீல்பெட்டி | புதன், காலை 9.50

அது வரைக்கும் அவன் சோபாவுல இருக்கணுமே ஐயா. படகு வர்றப்ப ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கும்.

தங்கச்சி, வாசல்ல நின்ன அனுபவத்துல ஒரே ஒரு யோசனை. ராத்திரி காட்டாதீங்க. மதியம் காட்டுங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும், நடுவுல சாப்பாடு போடுங்க. மேட்னி பார்த்துட்டு அழுத பசங்க வெளிய வந்து ஐஸ்கிரீம் வண்டியப் பார்த்ததும் சரியாயிடுவாங்க. நைட் ஷோ பசங்க அப்படியே தோள்ல தூங்கிப் போவாங்க, அந்தக் கனவு எங்க போய் முடியுமோ.

டல்லஸ்_மாமி | புதன், மதியம் 2.20

நீங்க ரெண்டு பேரும் முதல்ல பார்த்துடுங்கோ. குழந்தை தூங்கினப்புறம், வெளிச்சத்தை அணைச்சுட்டு, அவன் உட்கார்ற இடத்துல உட்கார்ந்து. நீங்க தூங்காதீங்கோ இந்தத் தடவை!

வைகைக்கரை | வியாழன், இரவு 10.55

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நேத்து நானும் வீட்டுக்காரரும் பார்த்தோம். நான் தூங்கலை. அவர்தான் அந்த வீடியோ வர்ற இடத்துல "இதை அவன் பார்க்க வேண்டாம்"னு தானே சொன்னார், நான் வாயே திறக்கலை. வாயில கத்தி வச்சு ஒருத்தன்கிட்ட ஜோக்கர் கதை சொல்ற இடம், இந்த வீடியோ, ஆஸ்பத்திரி, மூணும் தாண்டிடுவோம்னு பேசி வச்சிருக்கோம். ஆஸ்பத்திரி இவனுக்கு ஒண்ணும் பண்ணாது, தெரியும். என்னால உட்கார்ந்து பார்க்க முடியலை.

சனிக்கிழமை மதியம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். ரிமோட் என் கையில.

ரீல்பெட்டி | வெள்ளி, காலை 7.30

வறுவல் இருந்தா நானே வர்றேன்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.15

பார்த்தாச்சு.

பென்சில் மேஜிக்கை மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னான், பென்சில் எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணுமாம். டீச்சர் எழுதினது ஞாபகம் வந்து, அது எங்க போச்சுன்னு நான் நேராவே சொல்லிட்டேன். "ஓ"ன்னான். நாலாவது தடவை கேட்கலை. டென்ட் மூஞ்சியைப் பார்த்து "பிளாஸ்டிக்"ன்னு சொல்லிட்டான். தாண்டின இடமெல்லாம் தாண்டினோம், "ஏன் ஓட்டுறீங்க"ன்னு சண்டை போட்டான். படகுல எழுந்து நின்னு கை தட்டினான், பழைய_பேட்மேன் சாருக்கு இது.

சரி, தப்பிச்சோம்னு நினைச்சேன். கடைசியில போலீஸ் கமிஷனர் கார்டனோட பையன் தலையில டென்ட் துப்பாக்கிய வச்சு நாணயத்தைச் சுண்டுறார் பாருங்க. அந்த இடத்தை நாங்க தாண்டறதா யோசிக்கவே இல்லை. ரத்தம் இல்லை, ஒண்ணும் நடக்கவும் இல்லை, பையன் பிழைச்சுக்கிறான். நீங்க யாரும் கூட அதைச் சொல்லலை.

இவன் அப்படியே உட்கார்ந்துட்டான். வறுவல் கையில இருக்கு, வாய்க்குப் போகலை. "அந்தப் பையனுக்கு என்ன வயசு?"ன்னான். தெரியாதுடான்னேன். "என் வயசுதான்"னு அவனே சொல்லிக்கிட்டான்.

அதுல டென்ட் சொல்வாரே, உன் பையன்கிட்ட எல்லாம் சரியாயிடும்னு சொல்லு, பொய் சொல்லுன்னு. கார்டனும் சொல்வார். ராத்திரி எங்க நடுவுல வந்து படுத்துக்கிட்டான். லைட் அணைச்சப்புறம் அவங்கப்பாகிட்ட கேட்கறான், "போன வருஷம் எனக்கு ஆபரேஷன் அப்ப எல்லாம் சரியாயிடும்னு சொன்னீங்கல்ல, அது நிஜமா சொன்னீங்களா, பொய்யா?"

பல்லாவரம்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

ஐயோ. அவர் என்ன சொன்னார்?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.52

"தூங்குடா, காலைல பேசிக்கலாம்"னார். காலைல எழுந்து இவன் லெகோ எடுத்துட்டு உட்கார்ந்துட்டான், கேட்கலை. அவர்தான் இன்னைக்கு முழுக்க ஒரு மாதிரி இருக்கார். ரெண்டு தடவை அவன் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டார்.